தேநீரில் இல்லாத விஷம்

என் வீட்டுக்காரர் முதலில் சந்தேகப்பட்டது ரேடியோவைத்தான்.

ரேடியோ என்பது ஒரு மனிதர். என் வீட்டுக்காரரின் சலூனில் இரண்டாவது நாற்காலி அவருடையது. ஷட்டர் ஏறியதிலிருந்து இறங்கும் வரை அவர் வாய் ஓயாது என்பதால் வாடிக்கையாளர்கள் வைத்த பெயர் அது. இருவரும் பல வருஷமாக முதுகோடு முதுகு உரச நின்று வேலை பார்த்தவர்கள். ஒருவர் கை நீட்டினால் மற்றவர் திரும்பிப் பார்க்காமலே சீப்பை எடுத்துக் கொடுப்பார். அப்படிப்பட்டவரைப் பற்றித்தான் ஒருநாள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே சொன்னார்.

"என் கத்திரிய அவன் ஒளிச்சு வெக்கிறான்."

"அவரு எதுக்கு ஒளிச்சு வெக்கணும்?"

"நான் தடுமாறணும்னு. கஸ்டமர் பாத்து சிரிக்கணும்னு."

கத்திரியின் பிடி அவருடைய சட்டைப் பையிலிருந்தே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் சிரித்துக்கொண்டே அதை உருவிக் காட்டினேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கத்திரியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத யாரு இங்க போட்டது?"

கேள்வி என் முகத்தைப் பார்த்துத்தான் வந்தது. வேலைக் களைப்பு என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் ரேடியோ என்னைத் தேடி மருந்துக் கடைக்கு வந்தார். நான் வேலை செய்வது ஒரு மருந்துக் கடை கவுண்டரில். சீட்டை வாங்கிப் பார்த்து, இழுப்பறையைத் திறந்து, அட்டையை நறுக்கிக் கொடுப்பது என் வேலை. ரேடியோ இருமல் மருந்து வாங்க வந்தவரைப் போல ஓரமாக நின்றார். கூட்டம் குறையும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. ரேடியோ அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை.

"அக்கா, தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"அண்ணன் குடிக்கிறாரா?"

எதற்குக் கேட்கிறார் என்பதையும் சொன்னார். வங்கி மேனேஜர் ஒருவர் வழக்கமாக என் வீட்டுக்காரரிடம்தான் சவரம் செய்துகொள்வார். அன்று காலை காதோரம் கத்தி போய்க்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரரின் வலது கை, யாரோ கயிறு கட்டி மேலே சுண்டி இழுத்ததுபோல வெடுக்கென்று மடங்கியிருக்கிறது. அதே நேரம் வாயும் அந்தப் பக்கமாகக் கோணியிருக்கிறது. ஒரு நொடிதான். அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோலச் சவரத்தைத் தொடர்ந்திருக்கிறார். மேனேஜரின் காது மடலில் ரத்தம்.

"ஏன் சார் ஆடுறீங்கன்னு அவரையே திட்டுறாரு அக்கா. அவரு பயந்துபோயி பாதி நுரையோட எந்திரிச்சுப் போயிட்டாரு. அண்ணனுக்குக் கை இழுத்ததே தெரியல. இல்ல, தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருக்காரா, அது எனக்குப் புரியல."

என் வீட்டுக்காரர் குடித்து நான் பார்த்ததில்லை. ஆனால் பார்க்காதது எல்லாம் இல்லாதது ஆகிவிடுமா என்று அன்று மாலை பஸ்ஸில் வரும்போது எனக்கே ஒரு கேள்வி வந்தது. வீட்டுக்கு வந்ததும் துணி அலமாரியைத் திறந்தேன். சட்டைகளுக்குப் பின்னால் பார்த்தேன், கட்டிலுக்கு அடியில் பார்த்தேன், குளியலறைப் பரண்மேல் ஏறிக்கூடப் பார்த்தேன். ஒரு பாட்டிலும் இல்லை. இறங்கித் திரும்பினால் கதவருகில் அவர் நிற்கிறார்.

"என்ன தேடுற?"

"பழைய துண்டு."

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள் நான். அவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். துண்டைத் தேடவில்லை என்பது மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது. வேறு எதைத் தேடினேன் என்பதை அவராகவே முடிவு செய்துகொண்டார்.

மறுநாளிலிருந்து நான் போட்டுக் கொடுத்த தேநீரை அவர் குடிக்கவில்லை. முதலில் மூக்கருகில் கொண்டுபோய் மோந்தார். அப்புறம், நான் முகம் திரும்பிய சமயத்தில் என் கோப்பையையும் அவர் கோப்பையையும் மாற்றி வைத்தார். கண்டும் காணாததுபோல நான் அவருடையதைக் குடித்தேன். நான் குடித்து முடித்துக் கோப்பையைக் கழுவும் வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதும் அவருக்கு நிம்மதி தரவில்லை.

"உனக்குப் பழகிப்போயிருக்கும்" என்றார்.

அந்த இழுப்பை நானும் பார்த்துவிட்டேன். ரொட்டியைப் பிய்க்கும்போது வரும், சட்டைப் பொத்தான் போடும்போது வரும், சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் வரும். கைக்கு விக்கல் வந்ததுபோல இருக்கும். கையில் கரண்டி இருந்தால் பறந்துபோய்ச் சுவரில் விழும். "என்னங்க, கை இழுக்குதே" என்றால், "நீதான் இடிச்ச" என்பார். நான் அறையின் மறுகோடியில் நிற்பேன்.

தெருமுனை டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் நாக்கைப் பார்த்தார், முட்டியைத் தட்டினார், பிரஷர் பார்த்தார். "டென்ஷன்தான். நல்லாத் தூங்கணும்" என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதை நான் எங்கள் கடையிலேயே வாங்கி வந்தேன். அதுதான் வினையாகப் போயிற்று. அட்டையின் பின்னால் எங்கள் கடை முத்திரை இருந்தது.

"இது உன் கடை மாத்திரை" என்றார்.

"டாக்டர் எழுதினதுங்க. நீங்களும்தானே பக்கத்துல உக்காந்திருந்தீங்க?"

"எந்த டாக்டர்?"

அவர் நடிக்கவில்லை. டாக்டரிடம் போனதே அவருக்கு நினைவில்லை. அது எனக்கு அப்போது புரியவில்லை. என்னை மடக்குவதற்காகக் கேட்கிறார் என்றே எடுத்துக்கொண்டேன். அன்று சமையலறையில் நின்று நன்றாக அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

அந்த வாரம் அவர் தன் அக்காவுக்குப் போன் செய்துவிட்டார்.

அவரை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். ரயிலில் டிக்கெட் பரிசோதகர். பெட்டிக்குள் நுழையும்போதே யார் டிக்கெட் எடுக்கவில்லை என்று கழுத்தை வைத்துச் சொல்லிவிடுவார். டிக்கெட் இல்லாதவன் ஜன்னலை வேடிக்கை பார்க்கும் விதமே வேறு என்பார். கல்யாணமான புதிதில் என்னையும் அப்படித்தான் பார்த்தார். நாளாக நாளாக என்னிடம் செல்லுபடியாகும் டிக்கெட் இருக்கிறது என்று ஒருவாறு ஏற்றுக்கொண்டிருந்தார். இப்போது லீவு போட்டுவிட்டுப் பெட்டியோடு வந்து இறங்கினார். வந்ததும் தம்பியின் கன்னத்தைத் தடவிப் பார்த்தார்.

"என்னடா இப்படி இளைச்சிருக்க?"

"சாப்பிட பயமா இருக்குக்கா."

இருவரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு சமையல். அண்ணி தனக்கும் தம்பிக்கும் தனியாகச் சூப் வைத்தார், முட்டை அவித்தார். உப்பு டப்பாவைக்கூடப் புதிதாக வாங்கி வந்து தன் பெட்டியில் வைத்துப் பூட்டினார். நான் அடுப்பருகே போனால் அவரும் ஏதோ வேலையிருப்பதுபோல அடுப்பருகே வருவார். என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. "நீ போய் உக்காரும்மா, நான் பாத்துக்கறேன்" என்று அவ்வளவு இதமாகச் சொல்வார். அந்த இதம்தான் எனக்கு முள்ளாகக் குத்தியது.

எனக்கும் அவர்மேல் சந்தேகம் முளைத்தது. தம்பியைப் பிரித்துத் தன்னோடு கூட்டிப்போகத்தான் வந்திருக்கிறார் என்று தோன்றியது. நான் உள்ளே வந்தால் இருவரும் பேச்சை நிறுத்துவார்கள். என் வீட்டுக்காரரின் கை இழுக்கும்போதெல்லாம் அண்ணி சட்டென்று என் கைகளைப் பார்ப்பார். சூப் குடித்த பிறகும் இழுப்பு நிற்கவில்லையே, அப்போதாவது யோசிக்கக் கூடாதா என்று நினைப்பேன். அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. ஏற்கெனவே உடம்பில் ஏறியது இறங்க நாளாகும் என்று தம்பியிடம் சொல்லிக்கொண்டிருந்ததை என் காதாலேயே கேட்டேன்.

ஒருநாள் தலைவலி என்று கடையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டேன். கதவு திறந்திருந்தது. காலையில் நான் போட்டு, யாரும் தொடாமல் மேஜையில் ஆறிப்போயிருந்த தேநீரை அண்ணி ஒரு சின்ன பாட்டிலில் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரு சொட்டுகூடச் சிந்தாமல், புனல் வைத்து.

"என்ன அண்ணி இது?"

அவர் பதறவில்லை. மூடியைத் திருகி இறுக்கினார்.

"டெஸ்டுக்குக் கொடுக்கப்போறேன். உன்மேல தப்பில்லன்னா உனக்குத்தானே நல்லது."

"நேரா என்கிட்ட கேட்டிருக்கலாமே?"

"டிக்கெட் இருக்கான்னு வாயால கேட்டா எல்லாரும் இருக்குன்னுதான் சொல்லுவாங்க."

அறைக்குள் போய் என் துணிகளை ஒரு பையில் திணித்தேன். பிறகு, நான் போனால் அதையே சாட்சியாக வைத்துக்கொள்வார்கள் என்று தோன்றியது. ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப மடித்து வைத்தேன்.

அடுத்த நாள் நான் வேலைக்குப் போன பிறகு, அண்ணி தம்பியை ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கிறார். அவசரப் பிரிவில், "இவனுக்கு வீட்ல யாரோ விஷம் வெக்கிறாங்க, ரத்தத்த டெஸ்ட் பண்ணுங்க" என்று நேராகவே சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரியிலிருந்து கடைக்குப் போன் வந்தது. முதலாளி எடுத்துப் பேசிவிட்டு, என்னை ஒரு தினுசாகப் பார்த்து, "உன்னைத்தான்" என்று நீட்டினார்.

நான் போனபோது என் வீட்டுக்காரரைக் கட்டிலில் படுக்கவைத்து, கையில் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பணியிலிருந்த டாக்டர் என்னைத் தனியாக ஒரு அறைக்குக் கூப்பிட்டார். அறையில் எடை பார்க்கும் இயந்திரமும் உடைந்த நாற்காலியும் மட்டும் இருந்தன. உட்காரச் சொல்லவில்லை.

"உங்க கணவருக்கு ரத்தத்துல உப்பு ரொம்ப இறங்கியிருக்கு. அவருக்கு நீர் பிரியற மாத்திரை ஏதாவது கொடுத்தீங்களா?"

"இல்லீங்க."

"நீங்க மருந்துக் கடையில வேலை பாக்குறீங்கன்னு அவங்க அக்கா சொன்னாங்க."

"ஆமாங்க."

"அந்த மாத்திரை உங்க கடையில இருக்கும்ல?"

"எல்லா கடையிலயும் இருக்கும்."

சொன்ன பிறகுதான் அது எப்படிக் காதில் விழும் என்று உறைத்தது. டாக்டர் ஏதோ எழுதிக்கொண்டார். நீர் பிரியும் மாத்திரை அதிகமானால் ரத்தத்தில் உப்பு இறங்கும், ஆள் குழம்பிப்போவார் என்பது எனக்கும் தெரியும். எங்கள் கடையில் அது இடது பக்க இழுப்பறையில், என் முழங்கால் உயரத்தில் இருக்கிறது. அந்த அறையில் நின்றபடி, வேறொருத்தியாக இருந்தால் நானே அவளைத்தான் சந்தேகப்பட்டிருப்பேன் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை கடைக்குப் போனால், முதலாளி அந்த இழுப்பறையின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து அவரிடமும் விசாரித்திருக்க வேண்டும். என்னைப் பார்த்ததும் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "தூசியா இருந்துச்சு" என்றார். அவர் தூசி தட்டி நான் பார்த்ததே கிடையாது. "நீ கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கம் சோப்பு, பவுடர் பாத்துக்க. உனக்கும் மனசு சரியில்ல" என்றார். நான் தலையாட்டிவிட்டுச் சோப்புப் பக்கம் போய் நின்றேன்.

விஷத்துக்கான பரிசோதனைகளில் ஒன்றும் தெரியவில்லை. தேநீரில் தேயிலையும் பாலும் சர்க்கரையும்தான் இருந்தன. ரத்தத்தில் உப்பை ஏற்றியும் என் வீட்டுக்காரர் தெளியவில்லை. கையும் வாயும் இழுத்துக்கொண்டேதான் இருந்தன. நர்ஸ் ஊசி போட வந்தால், "உன்னை அனுப்பினது அவளா?" என்று கேட்பார். ஒரு மாலை நான் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தபோது அண்ணியிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"யாருக்கா இந்தப் பொம்பள? எந்நேரமும் இங்கயே உக்காந்திருக்கா?"

முதல் தடவையாக அண்ணியின் முகத்தில் ஒரு தடுமாற்றத்தைப் பார்த்தேன். விஷம் வைத்தவளைத் தம்பி வெறுக்கலாம், மறக்கக் கூடாது அல்லவா? அது அவருடைய கணக்கில் இடிக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

அதற்கடுத்த நாள்தான் நரம்பு டாக்டர் வந்தார். என்னைவிட வயதில் சிறிய பெண். கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சலூனைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே இழுப்பு வந்தது. டாக்டர் பேச்சை நிறுத்திவிட்டு அவருடைய சட்டைக் கையை மேலே சுருட்டினார். மறுபடி வருகிறதா என்று காத்திருந்தார். வந்தது. போனில் படம் பிடித்தார்.

"இது எத்தனை நாளா?"

"சில மாசமாங்க" என்றேன் நான்.

"விஷத்தால" என்றார் அண்ணி.

டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கட்டிலின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அண்ணி.

"உள்ளூர விஷம் மாதிரிதான் ஒண்ணு வேலை செய்யுது. ஆனா வெளியிலேர்ந்து யாரும் வெச்சது இல்லன்னு நெனக்கிறேன். முதுகெலும்புத் தண்ணி எடுத்துப் பாக்கணும். ஸ்கேனும் வேணும்."

முடிவு வர நாளானது. அந்த நாட்களில் அண்ணியும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒருவரோடு ஒருவர் பேசாமல், ஒருவரை ஒருவர் கண்ணால் விடாமல் இருந்தோம். அவர் கழிப்பறைக்குப் போனால் அரை நிமிஷத்தில் திரும்பி வந்துவிடுவார். நான் போனாலும் அப்படித்தான்.

முடிவு வந்ததும் டாக்டர் எங்களைச் சேர்த்தே கூப்பிட்டார். மூளைப் படத்தை வெளிச்சத் திரையில் காட்டினார். எனக்கு எல்லாம் சாம்பல் நிறமாகத் தெரிந்தது.

"மூளையில ஒரு நரம்பு செல் இன்னொண்ணுகிட்ட சேதி சொல்ற இடம் இருக்கில்ல, அங்க ரெண்டும் தொட்டுக்கிட்டு இருக்காது. நடுவுல ஒரு சின்ன இடைவெளி இருக்கும். சாதாரண மைக்ராஸ்கோப்ல பாத்தாக்கூடத் தெரியாது. அந்த இடைவெளி ரொம்ப விலகிடவும் கூடாது, ரெண்டு பக்கமும் நேருக்கு நேர் இருக்கவும் வேணும். அதனால இந்தக் கரையிலேர்ந்து ஒரு புரதம், அந்தக் கரையிலேர்ந்து ஒரு புரதம் கை நீட்டிக்கிட்டு நிக்கும். ரெண்டு கையையும் நடுவுல இருந்து சேத்துப் பிடிக்கிறதுக்கு இன்னொரு புரதம் இருக்கு. ஒட்டு வேலை பாக்குறதுன்னு வெச்சுக்குங்க. அந்தப் பிடி இருந்தாத்தான் சேதி அளவாப் போகும்."

"அதுக்கு என்ன ஆச்சு?" அண்ணி கேட்டார்.

"கிருமி வந்தா எதிர்க்கிறதுக்கு நம்ம ரத்தத்துல ஒரு படை இருக்கில்லீங்களா? இவரு உடம்புல அந்தப் படை, நடுவுல நிக்கிற அந்தப் புரதத்தையே எதிரின்னு முடிவு பண்ணிருச்சு. அது மேல போயி ஒட்டிக்குது. அதனால ரெண்டு கையையும் பிடிக்க முடியல. பிடி விட்ட இடத்துல சேதி தாறுமாறாப் பாயுது. கை இழுக்கறது அதனாலதான். வலிப்புல ஒரு வகை. உப்பு இறங்கினதும் இதோட சேந்ததுதான். இந்த நோய் வந்த பலருக்கு இறங்கும். யாரும் எந்த மாத்திரையும் கொடுத்து இறங்கல."

கடைசி வாக்கியத்தை அவர் அண்ணியைப் பார்த்துச் சொன்னார். அண்ணி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அப்ப, கத்திரிய ஒளிச்சு வெக்கிறாங்கன்னு ஆரம்பிச்ச அந்தச் சந்தேகம்?" என்று நான் கேட்டேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"ஞாபகம் வெச்சுக்கிற பகுதி வீங்கியிருக்கு பாருங்க, இதோ. கத்திரிய எங்க வெச்சோம்னு அவருக்குத் தெரியல. ஆனா அது வெச்ச இடத்துல இல்லன்னு தெரியுது. நடுவுல விழற ஓட்டைய மனசு சும்மா விடாது. எதையாவது வெச்சு அடைக்கும். பக்கத்துல யாரு இருக்காங்களோ, அவங்கள வெச்சு அடைச்சிருச்சு."

"பக்கத்துல இருந்ததுதான் என் தப்பு" என்றேன்.

டாக்டர் சிகிச்சையைச் சொன்னார். ஸ்டீராய்டு மருந்தை ரத்தக் குழாய் வழியாக ஏற்றி, அந்தப் படையை அடக்க வேண்டும். அது போதாவிட்டால் ரத்தத்திலிருந்து வேண்டாததை வடிக்க வேண்டும். செல்கள் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கின்றன, பிடிதான் போயிருக்கிறது, அதனால் திரும்பும் என்று நம்பலாம். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் செல்களே போயிருக்கும் என்றார்.

வெளியே வந்ததும் கேன்டீனில் எதிரெதிரே உட்கார்ந்தோம். அண்ணி இரண்டு தேநீர் வாங்கி வந்தார். ஒன்றை என் பக்கம் தள்ளினார்.

"நான் சந்தேகப்பட்டது தப்புன்னு சொல்ல மாட்டேன்" என்றார். "நான் சந்தேகப்படலன்னா அவன் இன்னும் வீட்ல தூக்க மாத்திரை போட்டுக்கிட்டு இருந்திருப்பான்."

அதில் உண்மை இருந்தது. அந்த உண்மைதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"அவரக் காப்பாத்தினீங்க அண்ணி. அதுக்கு உங்களுக்குக் கோயில் கட்டினாலும் தகும். ஆனா என்னை என்ன பண்ணீங்கன்னு உங்களுக்குத் தெரியுதா? என் முதலாளி குத்துக்காலிட்டு உக்காந்து மாத்திரை எண்ணுறாரு."

அண்ணி கோப்பையின் விளிம்பைத் துடைத்தார்.

"தெரியுது" என்றார் பிறகு. "என்னன்னு சொல்லி உன்கிட்ட கேக்கறதுன்னுதான் தெரியல."

மன்னிப்பு என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. தேநீரைக் குடித்தேன். சர்க்கரை போதவில்லை.

மருந்து ஏற ஆரம்பித்ததும் முதலில் நின்றது இழுப்பு. ஒரு முழுக் காலைப்பொழுது கை அமைதியாகப் போர்வைமேல் கிடந்தது. நானும் அண்ணியும் மூச்சு விடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அடுத்து வந்தது பசி. ஸ்டீராய்டு அப்படித்தான் செய்யும் என்றார்கள். கல்லைக் கொடுத்தாலும் கடித்துத் தின்றுவிடுவார் போல இருந்தது. நான் கொடுத்ததையும் தின்றார், அண்ணி கொடுத்ததையும் தின்றார், பக்கத்துக் கட்டில்காரருக்கு வந்த பிஸ்கட்டையும் கேட்டு வாங்கித் தின்றார். யார் கையிலிருந்து வருகிறது என்று பார்க்கும் பொறுமை அவருக்கு இல்லை. என்மேல் நம்பிக்கை வந்து சாப்பிடுகிறாரா, பசியில் சாப்பிடுகிறாரா என்று எனக்குக் கடைசி வரை விளங்கவில்லை.

சந்தேகம் ஒரே நாளில் போய்விடவில்லை. தரையில் சிந்திய எண்ணெயைத் துடைப்பதுபோல, துடைத்த பிறகும் அங்கங்கே வழுக்கியது. பிறகு ஒருநாள் என்னைப் பார்த்து, "கடைச் சாவி யாருகிட்ட இருக்கு?" என்று கேட்டார். ரேடியோவிடம் என்றேன். "அப்ப சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார். நான் வராந்தாவுக்குப் போய் ரேடியோவுக்குப் போன் செய்து அதைச் சொன்னேன். எதிர்முனையில் அந்த மனிதர் ஒரு வார்த்தை பேசாமல் விசும்பினார்.

வீடு திரும்பி நெடுநாள் ஆகியும் அந்த மாதங்கள் அவருக்குத் திரும்பவில்லை. கல்யாணம் ஞாபகமிருந்தது, போன வருஷம் ஞாபகமிருந்தது, அதற்கப்புறம் வெள்ளைத்தாள். நான் அதை அப்படியே விட்டுவிடலாம் என்றிருந்தேன். அண்ணியும் போனில், "தோண்டாத, விட்டுடு" என்றார். ஆனால் ரேடியோ என்று ஒருவர் இருக்கும்போது எது மறைந்திருக்கும்? ஒரு மாலை சலூனிலிருந்து திரும்பிய என் வீட்டுக்காரர் உட்காராமல் நின்றுகொண்டே கேட்டார்.

"நீ எனக்கு விஷம் வெக்கிறன்னு சொன்னேனாமே?"

"சொன்னீங்க."

"எல்லார் முன்னாடியுமா?"

"அக்கா முன்னாடி. ஆஸ்பத்திரியில எல்லார் முன்னாடியும்."

"அது நான் இல்ல. வியாதி" என்றார். பிறகு அவரே தலையை ஆட்டிக்கொண்டார். "வாய் என்னோடதுதானே."

"நானும் உங்களச் சந்தேகப்பட்டேன். குடிக்கிறீங்கன்னு பரண் மேல ஏறித் தேடினேன்."

"கெடச்சுதா?"

"ஒட்டடைதான் கெடச்சுது."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் இரண்டு சந்தேகமும் ஒன்றில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

முதலாளி என்னை மறுபடி மருந்துப் பக்கம் வரச் சொன்னார். "எனக்கு அப்பவே தெரியும்மா" என்றார். நான் அந்த மாதத்தோடு நின்றுகொண்டு, இரண்டு தெரு தள்ளி வேறொரு கடையில் சேர்ந்தேன். அங்கே இழுப்பறைகள் துருப்பிடித்து இழுக்க வராது. பரவாயில்லை.

என் வீட்டுக்காரருக்கு இப்போதைக்குச் சவரக்கத்தி கூடாது, கத்திரி பிடிக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் ஆட்கள் வர வேண்டுமே. ரேடியோவின் நாற்காலிக்குப் பெஞ்சு நிறையக் காத்திருந்தார்கள். "இங்க வாங்க சார், காலியாத்தான் இருக்கு" என்று இவர் கூப்பிட்டால், "அவசரமில்ல" என்று பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்கள். வங்கி மேனேஜர் எதிர்ப்பக்கம் வேறு கடைக்குப் போக ஆரம்பித்திருந்தார். மாலையில் நான் வீட்டுக்கு வந்தால், இவர் ஒரு முடிகூட வெட்டாத கத்திரிக்கு எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் நான் சலூனுக்குப் போனேன். பெஞ்சில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ரேடியோ பேச்சை நிறுத்தினார். நான் நேராகப் போய் என் வீட்டுக்காரரின் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்தில் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்ததே இல்லை. நினைத்ததைவிட உயரமாக இருந்தது.

"என்ன?" என்றார் அவர்.

"நுனியெல்லாம் பிளந்துபோச்சு. கொஞ்சம் வெட்டிவிடுங்க."

துணியை உதறி என் கழுத்தைச் சுற்றிக் கட்டினார். பின்னலை அவிழ்த்துச் சீவினார். கத்திரியின் ஓசை காதுக்குப் பக்கத்தில் கேட்க ஆரம்பித்தது.

எதிரே கண்ணாடியில் அவர் வலது கை தெரிந்தது. கத்திரி என் கழுத்தோரம் வரும்போதெல்லாம் நான் அந்தக் கையையே பார்த்தேன். டாக்டர் சொன்னதை நம்பினேன். அவரையும் நம்பினேன். இருந்தும் என் கண் அந்தக் கையை விட்டு நகரவில்லை. அவர் அதைக் கவனித்துவிட்டார். வெட்டுவதை நிறுத்தாமல், மெதுவாகச் சொன்னார்.

"கண்ண மூடிக்க. முடி விழும்."

நான் மூடவில்லை. அவரும் மறுபடி சொல்லவில்லை. கை இழுக்காமல் வெட்டிக்கொண்டே போனார்.